பட்டாளத்துல படிச்ச படிப்பு காலேஜ் டிகிரில சேருமா? (17 வருஷ சர்வீஸ், மெட்ராஸ் சாப்பர்ஸ்)

வெண்ணாறு ஹவில்தார் (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊரு நீடாமங்கலம் பக்கம். 2003-ல பத்தாவது முடிச்ச கையோட பட்டாளத்துக்குப் போனவன். பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், மெட்ராஸ் சாப்பர்ஸ்னு சொல்றது இதைத்தான்) சென்டர்ல டிரெய்னிங். மண் தோண்டுற, தள்ளுற மெஷின் ஓட்டி, அதைப் பழுதும் பார்க்குற டிரேடு. பாலம் கட்டுறது, கண்ணிவெடி எடுக்குறது எல்லாம் சாப்பருக்குப் பொதுவான வேலை. நடுவுல புனேல இருக்கிற ராணுவ இன்ஜினியரிங் காலேஜுக்கு (சி.எம்.இ.) ரெண்டு தடவை கோர்ஸ் போனேன். 2020-ல ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்துட்டேன்.

வரும்போது ரெக்கார்ட் ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் குடுத்தாங்க. 15 வருஷம் சர்வீஸ் முடிச்சதால பட்டதாரிக்கு நிகர்னு அதுல இருக்கு. அதை வச்சு பேங்க் கிளார்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டேன், ஏத்துக்கிட்டாங்க. ரெண்டு மார்க்ல போச்சு, அது வேற விஷயம். இந்த வருஷம் எம்.ஏ. வரலாறு தபால்ல படிக்கலாம்னு ஒரு படிப்பு மையத்துக்குப் போனேன். சான்றிதழை எடுத்து நீட்டினா, "இது டிகிரி இல்லீங்க, பி.ஏ. மார்க் ஷீட் எங்கே"ன்னு கேட்டாங்க. பி.ஏ. சேரலாமான்னு கேட்டதுக்கு "பிளஸ் டூ எங்கே"ன்னாங்க. 39 வயசுல, டிஸ்சார்ஜ் புக்கைக் கையில வச்சுக்கிட்டு, பத்தாவது படிச்ச பையன் மாதிரி வெளியில வந்தேன்.

எம் பொண்ணு கும்பகோணத்துல பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம். என் கோர்ஸ் சான்றிதழ்களை எல்லாம் தரையில பரப்பி வச்சுப் பார்த்துச்சு. புனேல செஞ்சதுல ஒண்ணு 22 வாரம். "அப்பா, எங்க செமஸ்டர்கூட இவ்வளவு நாள் நடக்காதுப்பா, இது ஏன் கணக்குல வராது?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. அதான் இங்க கேக்குறேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்குறதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாரணும்னு பகல் முழுக்க மெஷின் மேலதான் இருப்பேன், ராத்திரிதான் பதில் போட முடியும்.

---

மன்னை நூலகம்
திங்கள், இரவு 10.15

அண்ணே வணக்கம். நான் நாலு வருஷமா டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன், அதனால இந்தச் சான்றிதழ் விவகாரமெல்லாம் கொஞ்சம் தெரியும்.

உங்க 15 வருஷச் சான்றிதழ் பொய்யில்ல. ஆனா அது செல்லுற இடம் ஒண்ணுதான். மத்திய அரசோட முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகள் 1979-ல வந்தது, 1986-ல திருத்தினாங்க. பத்தாவது தேறி (இல்லன்னா பட்டாளத்துக்குள்ள குடுக்குற சிறப்புக் கல்விச் சான்று வாங்கி) 15 வருஷத்துக்குக் குறையாம சர்வீஸ் போட்டவங்களை, டிகிரி கேக்குற குரூப் சி வேலைக்குத் தகுதி உள்ளவரா எடுத்துக்கலாம்னு அதுல இருக்கு. அதுலயும் தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கட்டாயம்னு கேக்காத வேலையா இருக்கணும். பேங்க் கிளார்க் அறிவிப்புலயும் இதே வாசகம் வரும், அதான் உங்களை ஏத்துக்கிட்டாங்க. வேலைக்கு விண்ணப்பிக்க அது போதும். எம்.ஏ. சேர அதை வச்சு எந்தப் பல்கலைக்கழகமும் இடம் குடுக்காது.

இன்னொண்ணும் கட்டாயம் சொல்லணும். "பிளஸ் டூ இல்லாட்டி என்ன, ஆறு மாசம் ஒரு தயாரிப்புப் படிப்பு இருக்கு, அதை முடிச்சா நேரா பி.ஏ."ன்னு யாராச்சும் சொல்லுவாங்க. இக்னோல (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.பி.பி.ன்னு இருந்தது அதுதான். அந்த வழியில டிகிரி கிடைக்கும். ஆனா தமிழ்நாடு அரசு வேலைக்கு அது உதவாது. 2009 ஆகஸ்ட்ல வந்த பணியாளர் துறை அரசாணை 107-ஐ எடுத்துப் படிங்க. பத்தாவதும் பன்னிரண்டாவதும் முறையா முடிக்காம திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வாங்குன பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. எங்க நூலகத்துல என்கூடப் படிச்ச ஒரு அண்ணன் விமானப்படையில இருந்து வந்தவரு. பரீட்சைல தேறி சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போயிட்டு, இந்த வரிசை மாறுன ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தாரு. பஸ்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல.

பிளஸ் டூவை நம்ம மாநிலப் பாடத்திட்டத்துலயே தனித்தேர்வரா எழுதிடுங்கண்ணே. அதுல வில்லங்கம் வராது.

---

அரசலாறு
செவ்வாய், காலை 6.20

ஐயா, உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் வணிகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்து கிரெடிட் கணக்குப் போட்டவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கல்லூரிப் படிப்பை இப்போது நேரத்தால் அளக்கிறார்கள். 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஓராண்டுப் படிப்பு 1200 மணி நேரம், 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். வகுப்பு, செய்முறை, வீட்டில் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் 22 வாரப் பயிற்சியில் வாரத்துக்கு 36 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 792 மணி. முப்பதால் வகுத்தால் 26 கிரெடிட்டுக்கு மேல். உங்கள் மகளின் ஒரு செமஸ்டர் 20 கிரெடிட். அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

பிறகு ஏன் வராது? மணிக்கணக்கு மட்டும் போதாது. என்ன பாடம், எந்த நிலையில் நடத்தினார்கள், எப்படித் தேர்வு வைத்தார்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ராணுவப் பயிற்சியின் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் மேசைக்கு வருவதே இல்லை. வராத தாளுக்கு யார் மதிப்பெண் போடுவது? அதிகாரிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டு முடித்து வரும் பையனுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேறுபவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டயம் தருகிறது. அங்கே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். ஜவான் படிப்புக்கு அப்படி யாரும் உட்காரவில்லை என்பதுதான் நெடுநாள் குறை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். புல்டோசர் பயிற்சியை வரலாற்றுப் பாடத்துக்கு ஈடாக வைக்க முடியாது. நீங்கள் எம்.ஏ. வரலாறு படிக்க ஆசைப்படுகிறீர்கள். சோழர் கால நிலவரி பற்றி வகுப்பில் விவாதம் வரும்போது அந்த அடிப்படைப் படிப்பு இல்லாமல் தவித்துப்போவீர்கள்.

---

வெண்ணாறு ஹவில்தார்
செவ்வாய், இரவு 9.05

மன்னை தம்பிக்கு ரொம்ப நன்றி. அந்த அரசாணை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நேத்து அந்த மையத்துல இருந்து வரும்போது அந்த ஆறு மாசப் படிப்புலதான் சேர்ந்துடுவோம்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்.

அரசலாறு ஐயாவுக்கு வணக்கம். நீங்க சொன்ன கணக்கை எம் பொண்ணுகிட்ட காட்டினேன், அதுக்கு ஒரே சந்தோஷம். ஆனா கடைசியா சொன்னதுல எனக்கு ஒரு வருத்தம் இருக்குங்கய்யா. புல்டோசர் ஓட்டத் தெரியும்கிறதுக்காக வரலாறு தெரிஞ்சதா வைங்கன்னு நான் கேக்கல. மண்ணோட தன்மை என்ன, எவ்வளவு சரிவு தாங்கும், ஆத்துல தண்ணி எவ்வளவு வேகத்துல போகுது, பாலத்துக்கு எவ்வளவு பாரம் வைக்கலாம், எல்லாம் கணக்குப் போட்டுப் பரீட்சை எழுதியிருக்கேன். இரும்புத் துண்டுகளைப் பின் போட்டுக் கோக்குற பெய்லி பாலத்தை ராத்திரி வெளிச்சம் இல்லாம கட்டியிருக்கோம், ஒரு பின் மாறினா ஆள் போயிடும். 2018-ல கஜா அடிச்சப்ப லீவுல ஊர்ல இருந்தேன். ரோட்டுல விழுந்த மரத்தை எடுத்து வழி விட்டதும் பட்டாளத்துல படிச்ச அந்தப் படிப்புதான். அதுக்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் குடுத்து எங்கேயாவது எழுதி வைங்கன்னுதான் கேக்குறேன். வரலாற்றை நான் முதல்ல இருந்தே படிக்கிறேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல.

---

கல்வி சுபேதார்
புதன், காலை 11.30

இந்த இழையை என் மருமகன் அனுப்பினான். நான் ஆர்மி எஜுகேஷன் கோர்ல சுபேதாரா இருந்து ஓய்வு பெற்றவன், பட்டுக்கோட்டை. ஜவான்களுக்கு செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் பரீட்சை நடத்தறதும் மேப் ரீடிங் சொல்லித்தர்றதும்தான் என் உத்தியோகம். இந்தக் கேள்வியோடவே 28 வருஷம் வாழ்ந்தேன்னு சொல்லலாம்.

தம்பி ஹவில்தார் (மெட்ராஸ் சாப்பர்னாலே பட்டாளம் முழுக்க 'தம்பி'ன்னுதான் கூப்பிடும், அந்த உரிமையில சொல்றேன்), முதல்ல உங்க கையில என்னென்ன தாள் இருக்குன்னு பாருங்க. டிஸ்சார்ஜ் புக்குல டிரேடும் கிளாஸும் இருக்கும், செஞ்ச கோர்ஸ் பெயரும் இருக்கலாம். எத்தனை வாரம், என்ன பாடம், என்ன கிரேடு, இதெல்லாம் அதுல முழுசா இருக்காது. கோர்ஸ் முடிச்சு யூனிட்டுக்கு வந்ததும் பார்ட் டூ ஆர்டர் (ஜவான் பேர்ல நடந்ததைப் பதிவு பண்ற யூனிட் உத்தரவு) போட்டாங்களா? அதுதான் உயிர். அது போட்டாத்தான் உங்க சர்வீஸ் பதிவேடான ஷீட் ரோல்ல ஏறும். ஷீட் ரோல்ல ஏறாத கோர்ஸை நீங்க செய்யவே இல்லன்னுதான் ரெக்கார்ட் ஆபீஸ் சொல்லும். நான் பார்த்த ஜவான்கள்ல எத்தனையோ பேர் எல்லைல இருந்து கோர்ஸ் போயிட்டு நேரா வேற இடத்துக்கு மூவ் ஆகி, கிளார்க்கும் மாறி, அந்த ஆர்டர் போடாமலே விட்டுப்போச்சு. பத்து வருஷம் கழிச்சு வந்து தேடுவாங்க.

உங்க விஷயத்துல பெங்களூர்ல இருக்கிற எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்க. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி, கோர்ஸ் பெயர், எங்கே, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், எல்லாம் போட்டு, "நான் முடித்த கோர்ஸ்களின் விவரம் சான்றோடு வேண்டும்"னு கேளுங்க. தஞ்சாவூர், திருவாரூர்னு அந்தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா அனுப்புனா ஒரு பலம் இருக்கும், அங்க முத்திரை வச்சு அனுப்புவாங்க.

ஒரு எச்சரிக்கை. கோர்ஸ்ல குடுத்த பிரெஸி (பாடக் குறிப்பு), நோட்டுப் புத்தகம் எதையும் போட்டோ எடுத்து இங்கயோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பிடாதீங்க. பெரும்பாலும் அது வெளியில காட்டக்கூடாத தாள். சான்றிதழும் கோர்ஸ் பெயரும் கால அளவும் மட்டும்தான் வெளியில போகலாம். அரசலாறு ஐயா கேட்டாரே, வராத தாளுக்கு யார் மார்க் போடுறதுன்னு. அந்தக் கேள்விக்கு அடியில இருக்கிறது இதுதான். பாடத்தை வெளியில காட்ட முடியாது, காட்டாம மதிப்பிட முடியாது. அதனால படைத் தலைமையே மணி நேரத்தையும் நிலையையும் எழுதிக் குடுத்து, பல்கலைக்கழகம் அதை ஒப்புக்கிட்டாத்தான் வழி பிறக்கும். இக்னோவும் ராணுவமும் சேர்ந்து ஞானதீப்னு ஒரு திட்டம் கொண்டுவந்தது இந்த எண்ணத்துலதான். ரெஜிமென்ட் சென்டர்ல நடக்கிற பயிற்சியையே படிப்பா எடுத்துக்கிற திட்டம் அது. நான் அதுல எத்தனையோ பையன்களைச் சேர்த்துவிட்டேன், மனசார நம்பினேன்.

இப்ப அதைவிடத் தெளிவா எழுதி வச்சது, நாலு வருஷத்துக்குன்னு பட்டாளத்துல எடுக்கிற அக்னிவீரர்களுக்கான இக்னோ பட்டப் படிப்புலதான்.

---

தென்னந்தோப்பு
புதன், மாலை 4.10

ஐயா, நீங்க கடைசியா எழுதின வரியைப் பார்த்துட்டுத்தான் இந்தத் தளத்துல கணக்குத் தொடங்கினேன். என் தம்பி அக்னிவீர். பேராவூரணி எங்க ஊரு. பிளஸ் டூ முடிச்சுட்டு 2023 ஜனவரில வெலிங்டன்ல டிரெய்னிங் சேர்ந்தான், ஜி.டி. (ஜெனரல் டியூட்டி, பொதுப் பணி). நாலு வருஷம் முடிய இனிமே அதிக நாள் இல்ல. நூத்துக்கு 25 பேரைத்தான் நிரந்தரமா வச்சுக்குவாங்கன்னு சொல்றாங்க. கஜாவுல எங்க தோப்புல 140 மரம் விழுந்துச்சு. அப்பா அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அவன் பட்டாளத்துக்குப் போனதே அதனாலதான். வெளியில வந்தா அவன் கையில பிளஸ் டூ மட்டும் இருக்கக்கூடாது. அந்தப் படிப்புல சேர்ந்தியான்னு போன்ல கேட்டா "அப்புறம் பாத்துக்கலாம்கா"ங்கறான். என்ன செய்யணும்னு சொன்னா, நான் அவனைக் கையப் புடிச்சு சேர வச்சுடுவேன்.

---

கல்வி சுபேதார்
புதன், இரவு 8.50

அம்மா, தம்பிக்கு இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

2022 ஜூன் மாசம் அக்னிவீரர்களை எடுக்கிற அக்னிபத் திட்டத்தை அறிவிச்ச மறுநாளே கல்வி அமைச்சகம் இந்தப் படிப்பையும் அறிவிச்சது. மூணு வருஷப் பட்டம், குடுக்கிறது இக்னோ. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்ல சரிபாதி, 50 சதவீதம், பட்டாளத்துல வாங்கின பயிற்சில இருந்தே வரும். மீதிப் பாதிக்குப் படிச்சுப் பரீட்சை எழுதணும். மொழி, வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சமூகவியல், கணிதம், வணிகம், சுற்றுலா, விவசாயம்னு பட்டியல்ல இருந்து எடுத்துக்கலாம். சுற்றுச்சூழலும் ஆங்கிலத் தொடர்புத் திறனும் கூட வரும். ஒரு வருஷப் படிப்போட நின்னா சான்றிதழ், ரெண்டு வருஷத்தோட நின்னா பட்டயம், மூணும் முடிச்சா பட்டம். பாதில நின்னாலும் கை வெறுமையா வராது.

பேராசிரியர் ஐயாவோட கணக்குலயே பாருங்க. மூணு வருஷத்துக்கு 120 கிரெடிட்னா, அதுல 60 உங்க தம்பி ஓடின ஓட்டத்துலயும் சுட்ட சூட்டுலயும் படிச்ச மேப்லயும் வந்துடும். மீதி 60-தான் அவன் புத்தகத்தோட உட்கார வேண்டியது.

இப்ப முக்கியம். சர்வீஸ்ல இருக்கும்போதே சேரணும். பயிற்சிப் பாதியைச் சான்று பண்ணிக் குடுக்கிறது படைதான். வெளியில வந்தபிறகு அந்தக் கையெழுத்துக்கு யார்கிட்ட போறது? யூனிட்ல எஜுகேஷன் ஜே.சி.ஓ.வோ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) ஹவில்தாரோ இருப்பாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவர் முன்னால போய் நிக்கச் சொல்லுங்க. தயக்கமே வேண்டாம், அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம். சேர்ந்தாச்சான்னு கேக்கிறதோட நிக்காம, கிரெடிட் ஏறியிருக்கான்னும் கேக்கச் சொல்லுங்க. பட்டாளத்துப் பழக்கம் ஒண்ணு உண்டு, ஆர்டர் போட்டாச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு நினைப்போம். அது தன் பேர்ல ஏறுற வரைக்கும் பின்னாலயே போகணும்.

பத்தாவதோட போன அக்னிவீரர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியா பன்னிரண்டாவது முடிக்க ஏற்பாடு உண்டு. உங்க தம்பிக்கு அந்தக் கவலை இல்ல.

---

அரசலாறு
புதன், இரவு 9.30

சுபேதார் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். ஒரு சிறு சேர்க்கை மட்டும். அந்தக் கிரெடிட்டுகள் ஏறுகிற இடத்துக்கு அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று பெயர், 2021-ல் யு.ஜி.சி. கொண்டுவந்தது. டிஜிலாக்கரிலேயே பார்க்கலாம். ஏறிய கிரெடிட்டுக்குப் பொதுவாக 7 ஆண்டு ஆயுள். ஆகவே பட்டாளத்திலிருந்து வந்து சில காலம் வேலை, கல்யாணம் என்று இழுத்துவிட்டு மீதியைப் படிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், அம்மா. பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றும் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பட்டாளத் தாளிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முன்னெழுத்து ஒன்று மாறியதால் மட்டும் எத்தனையோ மாணவர்களுக்குப் பட்டம் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

---

சான் டியாகோ குடந்தையான்
வியாழன், காலை 7.45

எல்லாருக்கும் வணக்கம். மேலக்காவேரில பிறந்து வளர்ந்தவன், 22 வருஷமா அமெரிக்கா. எம் மக இங்கே கடற்படையில மருத்துவ உதவியாளரா (கோர்மேன்னு சொல்லுவாங்க) அஞ்சு வருஷம் இருந்துட்டு இப்ப நர்சிங் படிக்கிறா. சுபேதார் ஐயா சொன்ன அந்த முடிச்சை இங்கே எப்படி அவிழ்த்தாங்கன்னு சொல்லலாம்னு தோணிச்சு.

இங்கே அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன்னு ஒரு அமைப்பு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்துல இருந்து இதைச் செய்யுது. கல்லூரி ஆசிரியர்கள் குழுவாப் போய் ராணுவப் பயிற்சியை ஒவ்வொண்ணாப் பார்க்குறாங்க. என்ன பாடம், எவ்வளவு நேரம், எப்படித் தேர்வுன்னு பார்த்துட்டு, "இதுக்கு இந்தப் பாடத்துல இத்தனை கிரெடிட் தரலாம்"னு பரிந்துரை எழுதுறாங்க. அந்தப் பரிந்துரையோட சேர்த்து, ஒரு ஆள் செஞ்ச எல்லாப் பயிற்சியும் ஒரே மார்க் ஷீட் மாதிரி வரும். ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்னு பெயர். தரைப்படை, கடற்படை, மரைன், கடலோரக் காவல்படைக்கு அது. விமானப்படைக்கு மட்டும் 1972-ல இருந்தே சொந்தமா ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, அதுவே ரெண்டு வருஷப் பட்டம் குடுக்கும். எம் மக கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போட்டா, டிரான்ஸ்கிரிப்ட் நேரா காலேஜுக்குப் போச்சு, ஒரு காசு செலவில்ல.

ஆனா இங்கேயும் எல்லாம் தேன் இல்ல. அது வெறும் பரிந்துரை. எவ்வளவு எடுத்துக்கிறதுன்னு காலேஜ்தான் முடிவு பண்ணும். எம் மகளுக்கு அடிப்படைப் பயிற்சியை உடற்கல்வின்னு எடுத்துக்கிட்டாங்க. கப்பல்ல ராத்திரி பகலா காயத்துக்குக் கட்டுப் போட்டதும், ஊசி போட்டதும், மருந்து குடுத்ததும் "விருப்பப் பாடம்"னு ஒரு ஓரத்துல போய் உக்காந்துடுச்சு. நர்சிங்கோட முக்கியப் பாடம் ஒண்ணுகூடக் குறையல. அவ அழுதா. முதல் காலேஜ்ல சேராம, நாலு காலேஜுக்கு அதே டிரான்ஸ்கிரிப்டை அனுப்பி, எதுல அதிகம் எடுத்துக்கிறாங்கன்னு எழுத்துல வாங்கினதுக்கு அப்புறம்தான் சேர்ந்தா. ஒரு செமஸ்டர் மிச்சம் ஆச்சு.

ஹவில்தார் அண்ணே, நீங்க கேட்டீங்களே, ஒரு பெயரும் ஒரு எண்ணும் குடுத்து எழுதி வைங்கன்னு. அந்தத் தாள் அதைத்தான் செய்யுது. படிச்சதும் உங்க ஞாபகம் வந்து எழுதினேன்.

---

தலைஞாயிறு
வியாழன், மதியம் 1.20

தாள் எல்லாம் கையில இருந்தாத்தானே மாமா. எங்க அப்பா பட்டாளத்துல சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு). கஜா அடிச்ச அன்னிக்கு, 2018 நவம்பர் 16 விடியக்காலை, ஓட்டு வீட்டுக் கூரை மொத்தமா போயிடுச்சு. டிரங்குப் பெட்டில வச்சிருந்த டிஸ்சார்ஜ் புக், கோர்ஸ் சான்றிதழ் எல்லாம் தண்ணில ஊறிக் கூழாயிடுச்சு. அப்பா அதை வெயில்ல காய வச்சு, பிரிக்க முடியாம உக்காந்திருந்ததை என்னால மறக்க முடியாது.

போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கி, நாகப்பட்டினத்துல முன்னாள் படைவீரர் அலுவலகத்துல காட்டி, அவங்க ஜபல்பூர் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புனாங்க. ஏழு மாசம் ஆச்சு. டிஸ்சார்ஜ் புக்குக்குப் பதிலா ஒரு சான்று வந்தது, பென்ஷனுக்கும் கேன்டீனுக்கும் அது போதும். ஆனா கோர்ஸ் சான்றிதழ்ல ரெண்டு மட்டும்தான் ரெக்கார்ட்ல இருந்துச்சு. மீதி மூணும் சுபேதார் ஐயா சொன்ன மாதிரி பார்ட் டூ ஆர்டர் ஏறாதது. அப்பா அதைச் செஞ்சார்னு சொல்ல இன்னிக்கு அவர் வாய் மட்டும்தான் இருக்கு.

நம்ம பக்கம் புயலும் வெள்ளமும் வருஷா வருஷம் வருது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க. அக்கா, உங்க தம்பி அடுத்த லீவுல வரும்போது முதல் வேலையா அதைச் செய்யச் சொல்லுங்க.

---

அரசலாறு
வியாழன், இரவு 7.15

ஹவில்தார் ஐயா, செவ்வாயன்று நான் எழுதியதில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். புல்டோசரை வரலாற்றோடு ஒப்பிட்டது சரியில்லை. நீங்கள் அப்படிக் கேட்கவே இல்லை. அக்னிவீரர் பட்டத்தில் செய்திருப்பதுபோல் பயிற்சிக்குப் பாதி, பாடத்துக்குப் பாதி என்று வைத்தால் என் ஆட்சேபத்துக்கே இடமில்லை. தொழில் தொழிலாகவே கணக்கில் ஏறுகிறது, வரலாறு வரலாறாகவே படிக்கப்படுகிறது. அந்த ஏற்பாடு 2022-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்பதில்தான் எனக்கு இப்போது வருத்தம். 17 ஆண்டு உழைத்தவருக்கு இல்லாத பாதி, நான்கு ஆண்டு இருப்பவருக்கு உண்டு. தம்பிகளுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே அளவுகோலை எடுத்து மூத்தவர்களுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். கிரெடிட் கட்டமைப்பிலேயே பணி அனுபவத்துக்கும் முன்பே கற்றதுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஆகவே கேட்பதற்கு ஆதாரம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் இதை எழுதிக் கேட்க வேண்டும். மனு எழுத என்னைக் கூப்பிட்டால் வருகிறேன்.

உங்கள் பிளஸ் டூவுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுப்பதானால் நான் சொல்லித்தருகிறேன். கட்டணம் என்ற பேச்சே வேண்டாம்.

---

தென்னந்தோப்பு
சனி, இரவு 8.00

தம்பி பேசினான். எஜுகேஷன் ஹவில்தாரைப் பார்த்துட்டானாம். அவரு பஞ்சாப்காரராம், "இவ்வளவு நாள் எங்கே இருந்தே"ன்னு திட்டிட்டு, படிவத்தை அவரே உக்காந்து நிரப்பிக் குடுத்தாராம். ஆதார்ல எங்க அப்பா பேரு ஒரு எழுத்து மாறியிருக்கு, அதைத் திங்கட்கிழமை மாத்தப் போறேன். அரசலாறு ஐயா சொல்லலேன்னா பார்த்திருக்க மாட்டோம். பாடத்துல விவசாயமும் பொருளாதாரமும் எடுத்துக்கவான்னு கேட்டான். தோப்பைப் பார்த்துக்கணும்னு அவனுக்கு எண்ணம் இருக்கு போல, எங்ககிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.

---

வெண்ணாறு ஹவில்தார்
ஞாயிறு, இரவு 9.50

ரெக்கார்ட்ஸுக்கு எழுதுற கடிதத்தை எம் பொண்ணு டைப் பண்ணிக் குடுத்துச்சு. மொத்தம் ஆறு கோர்ஸ், தேதியோட. அதுல ரெண்டுக்கு பார்ட் டூ ஆர்டர் நம்பர் என் பழைய டைரிலயே இருந்துச்சு, நாலுக்கு இல்ல. நாளைக்கு மெஷினுக்கு லீவு சொல்லிட்டுத் திருவாரூர் போய், அலுவலகத்துல முத்திரை வாங்கி அனுப்பிடுவேன்.

பிளஸ் டூ தனித்தேர்வுக்கும் பேர் குடுக்கப் போறேன். பேராசிரியர் ஐயா, ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தா எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர ஒரு வாரம் ஆகும். குறுவை நாத்து விட்டு முடிச்சதும் எனக்குச் சாயங்காலம் ஓய்வா இருக்கும். நீடாமங்கலத்துல இருந்து கும்பகோணத்துக்கு பஸ் இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு வந்தா உங்களுக்குச் சரியா இருக்குமாங்கய்யா? கணக்குப்பதிவியல் புத்தகம் எம் பொண்ணோட தோழிகிட்ட பழசு ஒண்ணு இருக்காம், அதை எடுத்துக்கிட்டு வரவா, இல்ல புதுப் பதிப்புதான் வேணுமா?